பாமரன் கேள்வி

அண்டம் எப்போது தோன்றியது? தோன்றுவதற்கு முன்னர் என்ன இருந்தது? விண்வெளி விரிகிறது என்கிறார்களே, அது எதனுள் விரிகிறது? ஒளியை முந்திச் செல்ல ஏன் இயலாது? நுண்துகள் ஒன்று ஒரே வேளையில் ஈரிடத்தில் இருக்கக் கூடுமா?

இவை பல்கலைக்கழக மண்டபங்களில் மட்டும் எழும் வினாக்களல்ல. இஷாத் தொழுகை முடிந்து, மொட்டை மாடியில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் வேளையில், பள்ளியில் பயிலும் மகள் தன் வாப்பாவிடம் கேட்கும் வினாக்களும் இவையே. கடையையும் கணக்கேட்டையும் கவனித்தே காலம் கழித்த தந்தை என்ன செய்வார்? பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை மேற்கொள்கிறார். "இதெல்லாம் நமக்கு எதற்கம்மா? படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கேள்வியை ஒதுக்கிவிடுகிறார், அல்லது, "இவையெல்லாம் நம் மார்க்கத்தில் அன்றே சொல்லப்பட்டவைதாம்" என்று கூறிக் கேள்வியை முடித்துவிடுகிறார். முதல் விடை கேள்வியைக் கொல்கிறது. இரண்டாம் விடை அதற்கு மாலை சூட்டி அடக்கம் செய்கிறது. முடிவில் இரண்டும் ஒன்றே.

விண்ணியலைக் கற்றுத் துறைபோகாதவன் விண்ணைப் பற்றிக் கேட்கலாமா? கேட்கும் உரிமை அவனுக்கு உண்டெனில், அவ்வுரிமையோடு சேர்ந்து வரும் கடமை யாது? இதனை அறிவியல் வினாவாக மட்டும் நாம் கருதவில்லை. ஒழுக்கம் சார்ந்த வினாவாகவும் கருதுகிறோம். ஆதலின் இதனைச் சற்றே விரித்து எண்ணிப் பார்ப்போம்.

வயிற்றுக்கும் வானுக்கும்

முதலில் ஒரு மறுப்பு எழும். வயிறார உண்டவர்களின் பொழுதுபோக்கன்றோ இது? அலையோடு போராடி அன்றாடம் உலை வைப்பவனுக்கு அண்டத்தின் வயது எதற்கு, ஐன்ஸ்டைனின் கொள்கை எதற்கு?

இம்மறுப்புக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்கால் நகருக்குக் கிழக்கே, வங்கக் கடலோரம் காரைக்கால்மேடு என்னும் மீனவர் சிற்றூர் இருக்கிறது. அவ்வூராரின் முன்னோர் விடிவெள்ளியையும் அறுமீனையும் பார்த்து வேளையும் திசையும் கண்டவர்கள். வாடைக்காற்றின் குணத்தையும் நீரோட்டத்தின் போக்கையும் உடலால் அறிந்தவர்கள். இன்று அக்கரையிலிருந்து புறப்படும் படகுகளில் ஜி.பி.எஸ். என்னும் சிறு கருவி இருக்கிறது. நிற்குமிடம் எது, வலை விரித்த இடம் எது, கரை எத்தனை தொலைவு என்று அது சொல்லிவிடுகிறது.

அஃது எவ்வாறு சொல்கிறது? நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்; இப்போது மணி இது" என்னும் செய்தியை ஒவ்வொரு கோளும் வானொலி அலையாக அனுப்பியவண்ணம் இருக்கிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால், அவை வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு, படகு நிற்குமிடத்தைக் கருவி கணித்துவிடும். அலை ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோ மீட்டர் செல்கிறது. ஆகவே கடிகாரம் வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும்.

சார்பியல் கொள்கை படகுக்குள் வந்து அமர்வது இவ்விடத்தில்தான். விரைந்து ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்றார் ஐன்ஸ்டைன். அதனால் கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு வினாடியின் பத்து இலட்சத்தில் 7 பங்கு பிந்துகிறது. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் விரைந்து நடக்கும் என்பதும் அவர் கண்டதே. அதனால் அது 45 பங்கு முந்துகிறது. கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 38 பங்கு முந்தல். இதனைத் திருத்தாது விட்டால் தொலைவுக் கணக்கில் ஒரே நாளில் 11 கிலோ மீட்டருக்கு மேல் பிழை சேரும்.

பதினொரு கிலோ மீட்டர் என்பது நகரவாசிக்கு ஓர் எண். கோடியக்கரைக்கு அப்பால் மீன் தேடிச் செல்லும் காரைக்கால் மீனவனுக்கோ அது வீட்டுக்கும் சிறைக்கும் இடைப்பட்ட தூரம். 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வரையப்பட்ட எல்லைக் கோட்டை நீரில் யாரும் காண முடியாது. அதனைத் தாண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, படகையும் இழந்து சிறையிருந்த காரைக்கால் மீனவர் பலர். அக்கடலில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பது வேறு வழக்கு. அதனைக் கடிகாரம் தீர்க்காது. ஆயினும், "நான் எங்கே நிற்கிறேன்?" என்று அம்மீனவன் கேட்கும் கேள்விக்கு இன்று கிடைக்கும் விடை ஐன்ஸ்டைனின் வழியாகவே வருகிறது.

அறிவு கரை வந்து சேராவிடில் என்ன நேரும் என்பதையும் அவ்வூர் அறியும். 2004 டிசம்பர் 26 அன்று காலை 6.28 மணிக்குச் சுமாத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஆழ்கடலில் அத்தகைய அலை எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பது அறிவியலார் நெடுங்காலமாக அறிந்த கணக்கு. கணக்கு இருந்தது, அதனைக் கரைக்குச் சொல்லும் வழி இருக்கவில்லை. உயிர்களைப் பறிகொடுத்த ஊர்களுள் காரைக்கால்மேடும் ஒன்று. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தோன்றியது 2007 ஆம் ஆண்டில். ஆதலின், "இது உனக்கு எதற்கு?" என்று பாமரனைப் பார்த்துச் சொல்லும் துணிவு எவருக்கும் இருத்தலாகாது. உலகத்தின் இயல்பு அவனையும் தொடுகிறது. அதைப் பற்றிக் கேட்க அவனுக்கும் உரிமை உண்டு.

ஐயத்திற்கு ஒரு விசை

உரிமை உண்டெனக் கண்டோம். அது மட்டும் போதுமா? கேள்விகளில் இரு வகை உண்டு. விடை எதுவாயினும் ஏற்பேன் என்று கேட்பது ஒரு வகை. விடையை முன்னரே மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒப்புதல் தேடிக் கேட்பது மற்றொரு வகை. பின்னது கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அது விருப்பம்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1977 ஆம் ஆண்டு நடந்தது. ஜி.பி.எஸ். அமைப்புக்கு முன்னோட்டமாக, என்.டி.எஸ்.-2 என்னும் கோளை அமெரிக்கர்கள் அவ்வாண்டு ஜூன் திங்களில் விண்ணுக்கு அனுப்பினர். அதில் சீசியம் கடிகாரம் வைக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்டோருள் சிலருக்கே ஐயம் இருந்தது. உயரத்தில் கடிகாரம் உண்மையிலேயே முந்துமா, அது வெறும் ஏட்டுக் கணக்குத்தானா? ஐயுற்றவர்களை எவரும் ஏளனம் செய்து ஒதுக்கவில்லை. ஐயுற்றவர்களும் கூச்சலிட்டுக்கொண்டு நிற்கவில்லை. கடிகாரத்தைத் திருத்தும் அமைப்பொன்றைக் கோளிலேயே பொருத்தி, வேண்டுமானால் மட்டும் அதனை இயக்கலாம் என விட்டுவைத்தனர். ஏறத்தாழ இருபது நாட்கள் கடிகாரம் திருத்தமின்றி ஓடிற்று. கொள்கை சொன்ன அளவுக்கு மிக நெருங்கி, நாளொன்றுக்கு 38 பங்கு முந்திற்று. அதன் பின்னர் திருத்தும் அமைப்பை இயக்கினர்.

இந்நிகழ்ச்சியில் நாம் காண்பது கொள்கையின் வெற்றியை மட்டுமன்று, ஐயத்தின் நாகரிகத்தையும் காண்கிறோம். அவர்கள் ஐயப்பட்டார்கள், அதே வேளையில், "எது நேர்ந்தால் எம் ஐயத்தைக் கைவிடுவோம்" என்பதையும் முன்கூட்டியே வரையறுத்தார்கள். ஐயத்தோடு அதனை நிறுத்தும் விசையையும் செய்துவைத்தார்கள். கேட்பவனின் கடமை என்று நாம் சொல்வது இதனையே. கேள்வியை எழுப்புவது உரிமை. எந்த விடை வந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் எனத் தனக்குள் உறுதி செய்துகொள்வது கடமை.

ஐன்ஸ்டைனே பாமரர்தாமே, காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்தாமே என்று சிலர் வாதிப்பதுண்டு. பெர்ன் நகரத்து அவ்வலுவலகத்தில் அவர் பணியாற்றியது உண்மை. ஒளிக்கதிருடன் சேர்ந்து ஓடினால் அது எவ்வாறு தோன்றும் என்று பதினாறு வயதில் அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். சிறுவன் எவனும் கேட்கக்கூடிய வினா அது. ஆனால் 1905 ஆம் ஆண்டில் விடை கிட்டும்வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதனைச் சுமந்தார். அதற்கு வேண்டிய கணிதத்தையும் இயற்பியலையும் கற்றார். கேள்வியின் எளிமையை நாம் நினைவிற் கொள்கிறோம். அதன்பின் வந்த பத்தாண்டு உழைப்பை மறந்துவிடுகிறோம். ஓரிரவில் ஒரு கொள்கையை எழுதி, "ஐன்ஸ்டைனை வென்றுவிட்டேன்" என்று அறிவிப்பவர் பாமரர் என்பதற்காக நாம் அவரைக் குறை கூறவில்லை. தம் கேள்வியைச் சுமக்க அவர் மறுக்கிறார். குறை அங்கேதான் இருக்கிறது.

சொற்களைக் கடன் வாங்குவோர்

இக்கடமையை மறந்ததால் விளையும் தீங்குகளுள் ஒன்று, அறிவியலின் சொற்களைக் கடன் வாங்கி ஒழுக்கத்தின் சந்தையில் செலவழிப்பது. "எல்லாம் சார்புடையது என்று ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார், ஆகவே நன்மை தீமையும் அவரவர் பார்வைதான்" என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அவர் சொன்னது அதுவன்று. நீளமும் காலமும் காண்பவரின் இயக்கத்திற்கேற்ப வேறுபடலாம். ஆனால் ஒளியின் வேகம் காண்பவர் அனைவர்க்கும் ஒன்றே, இயற்கையின் விதிகளும் அனைவர்க்கும் ஒன்றே என்பதுதான் அக்கொள்கையின் அடிப்படை. மாறாத ஒன்றைப் பற்றி நின்ற கொள்கைக்கு, எதுவும் நிலையில்லை என்று பொருள் கூறுவது எத்துணை முரண்!

குவாண்டம் இயலுக்கும் இதே கதிதான். துகள் ஒன்றின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே முழுத் துல்லியமாக வரையறுக்க இயலாது என்று 1927 ஆம் ஆண்டு ஹைசன்பர்க் காட்டினார். உடனே, "எதுவுமே உறுதியில்லை என அறிவியலே ஒப்புக்கொண்டது" என்றனர் சிலர். ஆனால் அந்தக் குவாண்டம் இயலின் மீது நிற்பதுதான் அணுக்கடிகாரம். சீசியம் அணு உமிழும் கதிரின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு வினாடி என்று 1967 ஆம் ஆண்டு உலகம் வரையறுத்தது. எதுவும் நடக்கலாம் என்று அவ்வியல் சொல்லவில்லை. எது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று அது வியக்கத்தக்க துல்லியத்துடன் சொல்கிறது. உறுதியின்மையின் சான்றாக எதனைக் காட்டினார்களோ, அதுவே மனிதன் கண்ட மிகத் துல்லியமான கடிகாரத்தைத் தந்திருக்கிறது.

சாட்சி தேடும் ஆசை

இனி, நம் இல்லங்களுக்கு மிக நெருங்கிய ஒன்றைப் பேச வேண்டும். புதிய கண்டுபிடிப்பு ஒன்று செய்தித்தாளில் வெளிவந்த மறுவாரமே, அதனை வேதத்தில் காட்டும் சிறுவெளியீடுகள் நம் கைக்கு வந்துவிடுகின்றன. நல்லெண்ணத்தால் விளையும் செயல்தான் அது. எனினும் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டே செல்வது. அதுவே அதன் சிறப்பு. இன்றைய கொள்கையை மறைக்குச் சாட்சியாக நிறுத்தினால், நாளை அக்கொள்கை திருத்தப்படும்போது யார் தலைகுனிவது? அப்போது ஆட்டங்காண்பது நம் பிள்ளைகளின் நம்பிக்கையன்றோ?

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. விரியும் அண்டத்தைப் பற்றி 1927 ஆம் ஆண்டிலும், அண்டம் ஆதி அணுவொன்றிலிருந்து தோன்றியது என 1931 ஆம் ஆண்டிலும் எழுதிய லெமைத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951 ஆம் ஆண்டில் போப் பன்னிரண்டாம் பயஸ், இக்கொள்கை படைப்பை உறுதிப்படுத்துவது போலப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமைத்ர் மகிழவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. நம்பிக்கை குறைந்தவர் அல்லர் அவர். நம்பிக்கையை ஊன்றுகோலின்றி நிறுத்த அறிந்தவர்.

நமக்கோ இதனினும் உயர்ந்த முன்மாதிரி உண்டு. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளம் புதல்வர் இபுறாகீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அக்குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் ஒளியிழந்தது என மக்கள் பேசத் தலைப்பட்டனர். பெருமானார் வாளாவிருந்திருப்பின், அப்பேச்சு அவர்களின் பெருமைக்கே துணை செய்திருக்கும். ஆனால் ஈன்ற பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தின் நடுவிலும் எழுந்து அதனை மறுத்தார்கள். கதிரும் மதியும் இறைவனின் அத்தாட்சிகள். எவரது இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று தெளிவுறுத்தினார்கள். தமக்குச் சாதகமாக வந்த பொய்ச்சாட்சியைத் தாமே தள்ளிய நெஞ்சுரம் அது. அவர்களின் வழிவந்த நாம், கிடைத்த சாட்சியையெல்லாம் ஆராயாது அணைத்துக்கொள்ளலாமா?

1979 ஆம் ஆண்டு நோபல் பரிசை கிளாஷோவுடன் பகிர்ந்துகொண்டவர்கள் அப்துஸ் ஸலாமும் ஸ்டீவன் வைன்பர்க்கும். ஸலாம் இறைமறையை நெஞ்சில் ஏந்தியவர்; வைன்பர்க் இறைநம்பிக்கை அற்றவர். இருவரும் தனித்தனியே உழைத்து ஒரே கொள்கையை அடைந்தனர். நம்பிக்கை ஸலாமுக்குத் தேடலுக்கான வேட்கையைத் தந்தது. கணக்கின் விடையை அது மாற்றித் தரவில்லை. இவ்வெல்லையை உணர்வதால் மார்க்கத்தின் மாண்பு குறைவதில்லை, உயரவே செய்கிறது.

விடை சொல்வோரின் கடமை

கேட்பவனின் கடமையைச் சொன்னோம். விடை சொல்பவனுக்கும் கடமை இல்லையா? 1930 ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற பத்தொன்பது வயது இளைஞர் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்தின்போதே கணக்கிட்டு, குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் தன் இறுதிக் காலத்தில் வெண்குள்ளனாய் அமைதியுற இயலாது என்று கண்டார். 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, அக்காலத்தின் பெரும் விண்ணியலறிஞர் எடிங்டன் அதே அவையில் அதனை எள்ளி நகையாடினார். 1919 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்த அதே எடிங்டன்! மேதையும், தனக்குப் பிடிக்காத விடை வருகையில் விருப்பத்தைக் கேள்வியெனக் கருதிவிடுகிறார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983 ஆம் ஆண்டில். தம்மை எள்ளியவர் மீது அவர் கொண்ட மதிப்பு இறுதிவரை குறையவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

நம் முன்னோரிடத்தும் இதற்குப் பாடம் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அல்பிரூனி இளைஞரான இப்னு சீனாவுக்குப் பதினெட்டு வினாக்களை எழுதி அனுப்பினார். இவ்வுலகன்றி வேறு உலகங்கள் இருத்தல் கூடாதா என்பதும், பனிக்கட்டி நீரில் மிதப்பது ஏன் என்பதும் அவற்றுள் அடங்கும். அரிஸ்டாட்டில் சொன்னார் என்பதற்காக அல்பிரூனி எதனையும் ஏற்கவில்லை. விவாதம் சூடேறி, இறுதிச் சுற்றில் இப்னு சீனாவுக்குப் பதிலாக அவர் மாணவர் விடையெழுதும் நிலையும் வந்தது. பெரியோரும் பொறுமை இழப்பர். ஆனால் அவ்வினாக்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்பது குழந்தையின் கேள்வி. அதனைக் கேட்க அல்பிரூனி நாணவில்லை. அதற்கு விடையெழுத இப்னு சீனாவும் நாணவில்லை.

விடை சொல்பவரின் முதற்கடமை, அறிந்ததையும் ஊகத்தையும் அறியாததையும் பிரித்துச் சொல்வது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்பது பல வழிகளில் அளந்து கண்டது. அந்தத் தொடக்க வெம்மையின் எச்சம் வானெங்கும் பரவியிருப்பதை 1965 ஆம் ஆண்டில் பென்சியாசும் வில்சனும் அறிவித்தனர். ஆனால் அத்தொடக்கத்திற்கு முன் என்ன, 'முன்' என்னும் சொல்லுக்கே அங்குப் பொருள் உண்டா என்பதை இன்றுவரை எவரும் அறியார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையையும் குவாண்டம் இயலையும் ஒருங்கிணைக்கும் முழுமையான கொள்கை இன்னும் கிட்டவில்லை. விண்மீன் திரள்களைக் கட்டிக்காக்கும் இருண்ட பொருள் யாது என்பதும் விளங்கவில்லை. மாடியில் கேட்ட சிறுமியின் கேள்விகளுள் சில, உலகின் பேரறிஞர்கள் இன்று நிற்கும் எல்லையிலேயே நிற்கின்றன. இதனை அவளிடம் சொல்வதைவிட அவளுக்குத் தரத்தக்க மரியாதை வேறு என்ன இருக்க முடியும்?

ஆகவே, நம் வீட்டுப் பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது சிறிதே. பிள்ளை வானைப் பற்றிக் கேட்டால் வாயை அடைக்க வேண்டாம். விரைந்து முத்திரையும் குத்த வேண்டாம். "எனக்குத் தெரியாது வாப்பா, யாருக்குத் தெரியும் என்று தேடுவோம்" என்று சொல்வதில் இழிவில்லை. இன்னொன்றையும் பழக்க வேண்டும். பிள்ளை தானே ஒரு விடை சொன்னால், "அது தவறாயிருந்தால் நமக்கு எப்படித் தெரியவரும்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அப்பழக்கம் பதிந்துவிட்டால், அவன் இயற்பியல் பயின்றாலும் சரி, கடை நடத்தினாலும் சரி, காரைக்கால்மேட்டுக் கரையிலிருந்து படகேறினாலும் சரி, பொய்யான சாட்சியைக் கண்டால் தயங்கி நிற்பான். அது தனக்குச் சாதகமாக இருக்கும்போது இன்னும் சற்று அதிகமாகவே தயங்குவான்.